கேரட்டின் நிறம் அறிந்து சமைத்தல்

ஊட்டி கேரட் ஒன்றைத் துருவி, ஒரு கரண்டி நெய்யில் வதக்கிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நெய் ஆரஞ்சு நிறமாகிவிடும். அதே கேரட்டைத் தண்ணீரில் வேகவைத்தால் தண்ணீரில் அவ்வளவாக நிறம் ஏறாது. இனி ஊதா கேரட் ஒன்றை எடுத்து இந்த இரண்டையும் செய்து பார்த்தால் நேர்மாறாக நடக்கும். ஊதா நிறம் நெய்யில் இறங்காது. தண்ணீரோ சிறிது நேரத்திலேயே நாவற்பழச் சாறு போல மாறிவிடும். பல நிறக் கேரட்டுகளைச் சமைப்பவர் அறிய வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்தச் சிறு சோதனையில் இருக்கிறது. எந்த நிறம் எதில் கரையும், புளிப்புப் பட்டால் எப்படி மாறும் என்று தெரிந்துகொண்டால், எந்தக் கேரட்டை எந்தப் பதார்த்தத்தில் சேர்ப்பது என்பது தானாகவே விளங்கும்.

ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்றும் கரோட்டினாய்டு என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சாயங்களால் அமைந்தவை. ஆரஞ்சு நிறத்தைத் தருவது பீட்டா கரோட்டீன். ஜெர்மானிய வேதியியலாளர் வாக்கன்ரோடர் 1831இல் கேரட்டிலிருந்து பிரித்தெடுத்த பொருள் என்பதால் கேரட்டின் பெயரே கரோட்டீனுக்கும் அமைந்தது. சிவப்பைத் தருவது தக்காளியில் உள்ள அதே லைக்கோப்பீன். மஞ்சளைத் தருவது முட்டையின் மஞ்சள் கருவிலும் செண்டுமல்லிப் பூவிலும் உள்ள லூட்டீன். இம்மூன்றும் கொழுப்பில் கரைபவை என்பதால், நம் உடல் அவற்றை உறிஞ்சிக்கொள்வதற்கும் சிறிது கொழுப்பு வேண்டும். பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்பதைவிட, அதைச் சிறிது எண்ணெயில் வதக்கி, தேங்காய்த் துருவல் தூவிப் பொரியலாக உண்ணும்போது அதிலுள்ள கரோட்டீன் கூடுதலாக உடலில் சேர்கிறது. இவற்றுள் பீட்டா கரோட்டீன் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவது. லைக்கோப்பீனும் லூட்டீனும் அவ்வாறு மாறுவதில்லை. ஆகவே கண்பார்வையை எண்ணிக் குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள், மற்ற நிறங்கள் எவ்வளவு புதுமையாக இருந்தாலும், ஆரஞ்சு கேரட்டைக் கைவிட வேண்டாம்.

ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. நாவற்பழத்திலும் கத்தரிக்காயின் தோலிலும் சங்குப்பூவிலும் இருப்பது இந்த வகைச் சாயமே. சங்குப்பூ ஊறிய நீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் மறைந்து இளஞ்சிவப்பாவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஊதா கேரட்டின் நிறமும் அப்படியே புளிப்பில் சிவக்கும். ஆப்பசோடா போன்ற காரம் பட்டால் நீலமும் பச்சையும் கலந்த மங்கலான நிறத்துக்குப் போய்விடும். பீட்ரூட்டின் சிவப்பு இதனின்றும் வேறான சாயம். அது புளிப்புக்கு இவ்வாறு நிறம் மாறுவதில்லை. அதனால் பீட்ரூட்டைச் சமைத்துப் பழகிய கையோடு ஊதா கேரட்டை அணுகினால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆரஞ்சுதான் கேரட்டின் இயல்பான நிறம் என்றும், மற்றவை அண்மையில் உருவாக்கப்பட்ட புதுமைகள் என்றும் பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு விதமானது. ஆப்கானிஸ்தானை ஒட்டிய மத்திய ஆசியப் பகுதியில் மனிதர் முதலில் பயிரிட்ட கேரட்டுகள் ஊதாவும் மஞ்சளுமாகவே இருந்தன. ஆரஞ்சு கேரட் ஐரோப்பாவில், குறிப்பாக நெதர்லாந்தில், 17ஆம் நூற்றாண்டு வாக்கில் நிலைபெற்றது. ஆரஞ்சு என்னும் பெயர் கொண்ட அரச குடும்பத்தைச் சிறப்பிப்பதற்காகவே டச்சு உழவர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள் என்று சொல்லப்படும் கதைக்குச் சான்று இல்லை. நீலகிரி மலைச்சரிவுகளில் விளைந்து மேட்டுப்பாளையம் மண்டிகள் வழியாக நம்மை வந்தடைவது இந்த ஐரோப்பிய வழிவந்த ஆரஞ்சு கேரட். குளிர்காலத்தில் டெல்லி கேரட் என்ற பெயரில் வண்டிகளில் வரும் நீண்ட சிவப்புக் கேரட்டும், வட இந்தியர்கள் காலி காஜர் என்று அழைக்கும் கறுப்புக் கேரட்டும் பழைய ஆசிய வழியைச் சேர்ந்தவை. டெல்லியின் பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், சிவப்பில் பூசா ருதிரா என்றும் கறுப்பில் பூசா அசிதா என்றும் தனித்தனி ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

வாங்குதலும் வைத்திருத்தலும்

எந்த நிறமானாலும் கையில் எடுத்தால் விறைப்பாக இருக்க வேண்டும். வளைந்து கொடுப்பது வாடிய கேரட். தோள்பகுதி பச்சையாக இருந்தால் அந்த இடம் மண்ணுக்கு மேலே தெரிந்து வெயில் பட்டிருக்கிறது என்று பொருள். அது சற்றுக் கசக்கும் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிடலாம். சிவப்புக் கேரட்டில் மிகப் பருத்ததைத் தவிர்ப்பது நல்லது. முற்றியதன் நடுத்தண்டு வெளிறி, நார் போலாகி, எவ்வளவு பாலில் வெந்தாலும் வாயில் தட்டுப்படும். ஊதா கேரட் வாங்கும்போது ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது அவசியம். சில ரகங்களில் வெளிப்புறம் மட்டுமே ஊதாவாகவும் உள்ளே ஆரஞ்சாகவும் இருக்கும். வேறு சில ரகங்கள் நடுவரை கறுத்திருக்கும். முதல் வகை வட்டமாக நறுக்கி அழகுற உண்பதற்கும், இரண்டாம் வகை சாயம் நன்றாக இறங்க வேண்டிய சமையலுக்கும் பொருந்தும். வெளிநாடுகளில் வசிப்பவர்களுக்கு ‘ரெயின்போ கேரட்’ என்ற பெயரில் பல நிறங்கள் ஒரே கட்டாகவே கடைகளில் கிடைக்கும்.

இலையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் இலையை வெட்டிவிட வேண்டும். இலை கிழங்கிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால் இரண்டே நாளில் கேரட் துவண்டுவிடும். கழுவாமல், ஈரம் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தால் இரண்டு வாரம் வரை கெடாது. அதே தட்டில் ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் வைக்காதீர்கள். பழுக்கும் கனிகள் வெளியிடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட்டில் கசப்பு ஏறும். நல்ல கேரட் திடீரென்று கசப்பதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

ஆரஞ்சும் சிவப்பும்

ஆரஞ்சு கேரட்டைப் பற்றித் தமிழ் வீடுகளுக்குப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். பொரியலுக்கு நறுக்கிய கேரட்டைத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத் தாளிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். வடித்த நீரோடு கேரட்டின் இனிப்பு போய்விடுகிறது. இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பொடியாக நறுக்கிய அரைக் கிலோ கேரட்டைப் போட்டு, ஒரு கை நீரை மட்டும் தெளித்து மூடிவைத்தால் தன் ஆவியிலேயே ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். மூடியைத் திறந்து, நெருப்பைக் கூட்டி, மிஞ்சிய ஈரம் வற்றியதும் உப்பும் தேங்காயும் சேர்த்து இறக்கினால், நிறமும் இனிப்பும் எண்ணெயில் கலந்து காயிலேயே தங்கியிருக்கும்.

சிவப்பு டெல்லி கேரட் ஊட்டி கேரட்டைவிட நீர்ச்சத்து மிகுந்தது, இனிப்பும் கூடியது. சாம்பாரில் போட்டால் சீக்கிரமே குழைந்துவிடும். இது அல்வாவுக்காகவே விளைந்த காய் என்பது என் உறுதியான எண்ணம். டிசம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை கிடைக்கும் இந்தக் கேரட்டில் ஒரு கிலோ எடுத்துத் தோல் சீவி, பெரிய துளையுள்ள துருவியில் துருவிக்கொள்ளுங்கள். பொடியாகத் துருவினால் வெந்தபின் கூழாகிவிடும். அடி கனமான அகன்ற பாத்திரத்தில் துருவலை இட்டு, கொழுப்பு நீக்காத பால் ஒரு லிட்டர் ஊற்றி, மிதமான நெருப்பில் அவ்வப்போது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பால் முழுவதும் வற்றிக் கேரட்டோடு சேர்வதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். அதுவரை சர்க்கரையைத் தொடக்கூடாது. சர்க்கரை சேர்ந்தவுடன் மறுபடியும் நீர் விடும் என்பதால், பால் வற்றிய பிறகு 200 கிராம் சர்க்கரை சேர்த்து, அந்த நீரும் வற்றும்வரை கிளறி, அதன் பின்பே ஐந்து மேசைக்கரண்டி நெய்யைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். துருவல் பாத்திரத்தின் ஓரத்தை விட்டு விலகி, நெய் செம்மை நிறத்தில் ஓரங்களில் கசிவதே பதம். ஏலக்காய்ப் பொடியும் நெய்யில் வறுத்த முந்திரியும் போதும். செயற்கை நிறம் இதற்குச் சற்றும் தேவையில்லை.

சிவப்புக் கேரட் கிடைக்காத மாதங்களில் ஊட்டி கேரட்டிலும் இதைச் செய்யலாம். அப்போது துருவலை முதலில் இரண்டு கரண்டி நெய்யில் பச்சை வாசனை போக வதக்கிவிட்டுப் பால் ஊற்ற வேண்டும். சர்க்கரையும் 50 கிராம் கூடுதலாகப் பிடிக்கும். அவசரத்துக்குக் குக்கரில் வேகவைத்துச் செய்பவர்கள் உண்டு. அதில் நேரம் மிச்சமாகும், ஆனால் பால் மெல்லச் சுண்டும்போது வரும் மணம் வராது.

மஞ்சளும் வெள்ளையும்

மஞ்சள் கேரட் மென்மையான சுவையுடையது. இதை நன்றாக அறிந்தவர்கள் உஸ்பெகிஸ்தான் மக்கள். அவர்களுடைய பலோவ் என்னும் சோற்றில் அரிசியும் ஆட்டிறைச்சியும் கேரட்டும் சம எடையில் சேரும் என்றால், அங்கே கேரட்டுக்கு உள்ள இடம் விளங்கும். அதற்குக் கேரட்டைத் துருவுவதில்லை; நீளமான தீக்குச்சிகளைப் போலக் கத்தியால் கையாலேயே அரிகிறார்கள். துருவினால் நீண்ட நேரச் சமையலில் கரைந்து போய்விடும். வீட்டில் வெஜிடபிள் புலாவ் செய்யும்போதும் இந்த முறையைக் கையாளலாம்: எண்ணெயில் வெங்காயம் பொன்னிறமானதும், குச்சியாக அரிந்த மஞ்சள் கேரட்டைச் சீரகத்தோடு போட்டு, ஓரம் சற்றுச் சுருளும்வரை வதக்கி, அதன் மேல் அரிசியைப் பரப்பிக் கிளறாமல் வேகவிட வேண்டும்.

வெள்ளைக் கேரட்டில் சாயம் இல்லாததால் வைட்டமின் ஏ தரும் பொருளும் அநேகமாக இல்லை. வெண்மை கெடக்கூடாத சமையலில், எடுத்துக்காட்டாகத் திருநெல்வேலிச் சொதியில், இது நன்றாகப் பொருந்தும்.

ஊதா கேரட்

எங்கள் வீட்டில் ஊதா கேரட்டை முதன்முதலாகச் சாம்பாரில்தான் போட்டோம். பருப்பின் மஞ்சளும் கேரட்டிலிருந்து இறங்கிய ஊதாவும் சேர்ந்து சாம்பார் முழுவதும் சேற்று நிறமாகிவிட்டது. சுவையில் எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் கண் ஒப்பவில்லை. ஒருவர்கூட இரண்டாம் முறை ஊற்றிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து நீர் நிறைந்த எந்தக் குழம்பிலும் அதைச் சேர்ப்பதில்லை.

இதைக் கையாள மூன்று செய்திகள் தெரிய வேண்டும். முதலாவது, நீரைக் குறைப்பது: தோல் சீவாமல், தேய்த்துக் கழுவி, சற்றுப் பெரிய துண்டுகளாக வெட்ட வேண்டும். நிறம் பெரிதும் வெளிப்பகுதியில்தான் இருக்கிறது. தோலைச் சீவினால் அதில் ஒரு பங்கு போய்விடும், பொடியாக நறுக்கினால் வெட்டுவாய் கூடிச் சாயம் வழியும். இரண்டாவது, பாத்திரம்: இரும்பு வாணலியில் வதக்கினால் ஆந்தோசயனின் இரும்போடு சேர்ந்து நீலம் பாய்ந்து கறுக்கும், எவர்சில்வர் அல்லது மண் பாத்திரமே ஏற்றது. மூன்றாவது, புளிப்பு. இங்கேதான் கவனம் வேண்டும். நிறத்தைக் காப்பது புளிப்பு. ஆனால் புளியைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் காய் வேகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது கேரட்டுக்கும் பொருந்தும். காயின் உறுதிக்குக் காரணமான பெக்டின் புளிப்பில் எளிதில் இளகுவதில்லை. ஆகவே முதலில் காயை வேகவிட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். மங்கியிருந்த துண்டுகள் சாறு பட்டவுடன் கண்ணெதிரே செவ்வூதாவாக ஒளிர்வதைக் காண்பது ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

முதன்முதலாகச் சமைப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது தயிர்ப் பச்சடி. இரண்டு ஊதா கேரட்டுகளைத் துருவி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகும் பச்சை மிளகாயும் தாளித்து, அதில் துருவலை மூன்று நிமிடம் வதக்கி, ஆறவிட்டு, ஒரு கிண்ணம் கெட்டித் தயிரில் கலந்து உப்பிடுங்கள். தயிரின் புளிப்பில் பச்சடி முழுவதும் ரோசாப் பூவின் நிறம் பெறும். இதே காரணத்தால் நன்கு புளித்த தோசை மாவில் அரைத்த ஊதா கேரட்டைக் கலந்தால் இளஞ்சிவப்புத் தோசை கிடைக்கும். அந்த மாவில் ஆப்பசோடா போடும் வழக்கம் இருந்தால் அன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள். சப்பாத்தி மாவுக்குப் புளிப்பில்லை என்பதால் இரண்டு கரண்டி தயிர் சேர்த்துப் பிசைந்தால்தான் சாம்பல் நிறம் தட்டாமல் இருக்கும். சோடா சேர்த்துச் செய்யும் கேக்கில் ஊதா கேரட்டைத் துருவிப் போட்டால் துருவலைச் சுற்றிப் பச்சை படரும். கெட்டுப்போனதன்று, உண்ணலாம், ஆனாலும் கேக்குக்கு ஆரஞ்சு கேரட்டே போதும். எலுமிச்சைச் சாதத்தில் மஞ்சள்தூளை விட்டுவிட்டு, வதக்கிய ஊதா கேரட் துருவலைக் கலந்தால் பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டிக்கு ஏற்ற சாதம் ஆகும்.

பல நிறங்களை ஒரே தட்டில் வைக்க விரும்பினால் ஊதாவை மட்டும் எப்போதும் தனியாகக் கையாளுங்கள். கோசுமல்லிக்குக் கால் கிண்ணம் பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, துருவிய ஆரஞ்சு, மஞ்சள் கேரட்டுகளையும் தேங்காயையும் தாளிப்பையும் சேர்த்துக் கலந்து வைத்துவிடலாம். மெல்லிய வட்டங்களாகச் சீவிய ஊதா கேரட்டை எலுமிச்சைச் சாற்றில் தனிக் கிண்ணத்தில் பிரட்டி வைத்திருந்து, பரிமாறும் நேரத்தில் மேலே பரப்ப வேண்டும். உப்பையும் அப்போதே சேருங்கள். உப்பு முன்னரே விழுந்தால் காய் நீர் விட்டு, அந்த நீரோடு ஊதா எங்கும் பரவும். அவனில் வாட்டுவதானால் 200 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ அரை மணி நேரம். அப்போதும் எண்ணெயைத் தனித்தனியே தடவி, தட்டின் ஒரு பக்கமாக ஊதாவை அடுக்க வேண்டும்.

கறுப்புக் கேரட் காஞ்ஜி

நடுவரை கறுத்த கேரட் கிடைத்தால் அதற்கு மிகச் சிறந்த பயன் வட இந்தியாவின் காஞ்ஜி. பெயர் நம் கஞ்சியை நினைவூட்டினாலும் இதில் சோறு இல்லை. ஹோலிப் பண்டிகையை ஒட்டிப் புளிக்கவைத்துக் குடிக்கும் கடுகு நீர் இது. துருக்கியின் அதனா நகரிலும் கறுப்புக் கேரட்டைப் புளிக்கவைத்து ஷல்கம் என்ற பானம் செய்கிறார்கள். தண்ணீரில் எளிதாக இறங்கும் நிறம் குழம்பைக் கெடுக்கிறது என்றோம். அந்தக் குணமே இங்கே வேண்டப்படுகிறது.

கொதித்து ஆறிய இரண்டு லிட்டர் நீருக்குக் கால் கிலோ கறுப்புக் கேரட் வேண்டும். அதைக் கழுவி விரல் நீளக் குச்சிகளாக வெட்டி, நன்கு காய்ந்த கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் இடுங்கள். கரகரப்பாகப் பொடித்த கடுகு இரண்டு மேசைக்கரண்டி, கல்லுப்பு இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி சேர்த்து நீரை ஊற்றி, மேலே நான்கு விரற்கடை இடம் விட்டு, மெல்லிய துணியால் வாய் கட்டி வெயிலில் வைக்க வேண்டும். நாள்தோறும் ஒருமுறை ஈரமில்லாத மரக்கரண்டியால் கலக்கிவிட்டு, துண்டுகள் நீருக்குள் அமிழ்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வடக்கே குளிர்காலத்தில் நான்கைந்து நாள் ஆவது நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாளிலேயே புளித்துவிடும். முதல் நாள் கருநீலம் கலந்த ஊதாவாக இருக்கும் நீர், புளிப்பு ஏற ஏற மாணிக்கச் சிவப்பாகத் தெளிவதே அடையாளம். நிறத்தைப் பார்த்தே புளிப்பை அறியலாம். மேலே பூஞ்சை படர்ந்தாலோ, வாடை மாறியிருந்தாலோ தயங்காமல் கொட்டிவிட வேண்டும். புளிப்பு நாவுக்கு இதமாக வந்ததும் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் பருகலாம். கடுகின் காரம் மூக்கில் ஏறும் என்பதால் முதல் நாள் அரைக் குவளைக்கு மேல் வேண்டாம்.

நீரைக் குடித்து முடித்ததும் அடியில் தங்கும் கேரட் குச்சிகளை எறிந்துவிடாதீர்கள். அவை உப்பும் புளிப்பும் கடுகின் உறைப்பும் ஏறி, இன்னும் மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும். மறுநாள் தயிர்ச் சாதத்துக்கு அவற்றைத் தொட்டுக்கொள்ளலாம்.